கோட்டைக் கதவு

ஸ்ட்ராத்ஃபீல்ட் தமிழ் நூலகத்தில் சரித்திர நாவல் கேட்டு யார் வந்தாலும் சச்சிதானந்தன் அந்த ஒரு நாவலைத்தான் எடுத்துக் கொடுப்பார். பறங்கிப் படைக்குக் கோட்டைக் கதவைத் திறக்க மறுத்து, ஈட்டி பாய்ந்து இறந்த மாப்பாண முதலியாரின் கதை அது. "எங்கட பரம்பரை" என்று சொல்லியே கொடுப்பார்.

திருப்பித் தருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பத்மா மட்டும் வாய் திறந்தாள்.

"நாவல் நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா காட்டிக்கொடுத்த ஆளைப் போய் உங்க பரம்பரைன்னு சொல்றீங்களே?"

"பிள்ளை, உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதோ?" என்று கடைசிப் பக்கத்தை விரித்து, ஈட்டி பாயும் வரியில் விரலை வைத்தார்.

அவள் அதே வரியை உரக்க வாசித்தாள். "முதலியார் இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தார்."

அவர் நாவலை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் யோகாவிடம் நீட்டினார். சொந்த இரத்தம் பொய் சொல்லாது என்று நம்பினார். அவள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து வாசித்து முடித்தாள்.

"இனி இதை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ, அப்பா."

அவர் பிடுங்கிப் பார்த்தார். முதலியார் ஈட்டியோடு, மானத்தோடு செத்துக் கிடந்தார்.

யோகா அவர் கையையே பார்த்தாள். உள்ளங்கை முழுக்க இரும்புத் துரு படிந்திருந்தது.