கதவுக்கு வாங்கிய பெயிண்ட்

"மறுபடியுமா?"

பஸ் நிறுத்தச் சுவரைப் பார்த்ததும் ஓவியருக்கு ஏணியைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

சுவர் முழுக்க ஒரு நர்ஸின் முகம். வாயைச் சுற்றியும் வலது கன்னத்திலும் வெண்புள்ளி படர்ந்த முகம். ஊர் பார்த்துப் பழகட்டும் என்றுதான், அவள் சம்மதத்தோடு வரைந்திருந்தார்.

யாரோ அந்தக் கன்னத்தில் மட்டும் பழுப்பு பெயிண்டை அப்பியிருந்தார்கள். இது மூன்றாவது தடவை.

வேலைக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு வந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"விட்டுடுங்க சார். இது எங்க அத்தை வேலை. வீட்டுக் கதவுக்கு அடிச்ச அதே பெயிண்ட்."

"உங்க மாமியாரா? கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஆமா, நான்தான்'னாங்க. அதுக்கு மேல வாயைத் திறக்கல. மருமக மூஞ்சி நடுத்தெருவுல இருக்கறது கௌரவக் குறைச்சல் போல."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"வெளியாளுங்க மொறைச்சுப் பாக்கறது பழகிடுச்சு சார். வீட்டுக்குள்ளேயும்னா... அலுத்துப் போச்சு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க வெயிலில் நின்று கன்னத்தைத் திரும்ப வரைந்தார் ஓவியர். தோள்பட்டை விட்டுப்போனது. அந்த மாமியாரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மறுநாள் பொழுது விடியும்போதே வந்து நின்றார்.

அந்த அம்மா அவருக்கு முன்பே வந்திருந்தார். பால் வாங்கிய பையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி, மூட்டுவலியில் முனகிக்கொண்டே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கம்மா! நீங்க பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

அவர் பதறித் திரும்பினார். கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது.

பழுப்பு பெயிண்ட் இன்னும் தொடாத இடத்தில், நேற்று வரைந்த வெண்புள்ளியின் மேலேயே, கறுப்பில் கொட்டை கொட்டையாக எழுத்து. ஓவியர் படித்தார். வாய்விட்டுச் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை.

"நீங்க வரைஞ்சுட்டுப் போனா அன்னைக்கு ராத்திரியே எவனோ எழுதிடறான் தம்பி. துடைச்சாப் போக மாட்டேங்குது. அவ பஸ்ஸுக்கு வர்றதுக்குள்ள மூடிடறேன்."

ஆடிய பெஞ்சை ஓவியர் பிடித்துக்கொண்டார்.

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. உங்களைப் போய்த் தப்பா நெனச்சுக்கிட்டு..."

அந்த அம்மா மெல்ல இறங்கி பிரஷ்ஷை எடுத்தார்.

"நெனச்சுக்கட்டும். இந்த ஊர்க்காரங்களுக்குத்தானே அவ தினமும் புண்ணைத் துடைச்சுக் கட்டுப் போடறா? என்னை ஒருத்தியை வெறுத்தா பரவாயில்ல தம்பி. ஊரையே வெறுத்துட்டா, அப்புறம் அந்த வேலைக்கு எப்படிப் போவா?"