இரண்டு கட்டை கீழே

கீபோர்டில் கையை வைத்த மறுநொடியே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. சுதி இரண்டு கட்டை கீழே கிடந்தது.

மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன்னால், குழுவில் பாடும் எலக்ட்ரீசியன் அண்ணன் தன் கட்டைக் குரலில் ஒரு பாட்டைப் பழகிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்காக இறக்கியவள் திரும்ப ஏற்ற மறந்துபோனாள். அதற்குள் மணி அடித்து, ஜனம் எழுந்து, சாமியாரும் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கிவிட்டார். பாடகர் குழு வாயைத் திறந்துவிட்டது.

இனி நடுவில் சுதி ஏற்றும் பித்தானை அழுத்தினால் பாட்டு படியில் தடுக்கிய ஆள் மாதிரி எகிறும். கோயிலே திரும்பிப் பார்க்கும்.

அதுவும் இன்றைக்கா?

இன்று அவளுக்குக் கடைசி ஞாயிறு. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாடகர் குழு மாஸ்டரிடம் சொல்லியாயிற்று. கிளினிக்கில் வேலை கூடிவிட்டது என்று ஒரு சாக்கும் சொல்லியிருந்தாள். உண்மைக் காரணம், அவள் முகத்துக்கு நேரே, மூன்றாவது பெஞ்சில் கைகட்டி நின்றது.

அவள் அம்மா.

கோயில் பாட்டைப் பற்றி அம்மாவுக்கு இருக்கும் கருத்துகளைக் கேட்டால் சாமியாருக்கே பிரசங்கம் மறந்துபோகும். பாட்டு என்பது பெஞ்சில் இருப்பவர்கள் பாடுவதற்கு; குழு எடுத்துக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், நான்கு ஸ்பீக்கர் எதற்கு? கைதட்டிப் பாடுவதற்குக் கல்யாண வரவேற்பு இருக்கிறது, அங்கே போய்த் தட்டிக்கொள்ளட்டும்.

இத்தனைக்கும் அம்மா சினிமாப் பாட்டின் பரம ரசிகை. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். சோகப் பாட்டு வந்தால் ஸ்டேஷனை மாற்றிவிடுவாள். துணி வெட்டும் கைக்குத் துள்ளல் வேண்டுமாம்.

சினிமாப் பாட்டு அத்தனையும் அத்துப்படி என்பதால் கோயிலில் அவளை ஏமாற்ற முடியாது. மெட்டை எங்கிருந்து சுட்டார்கள் என்று இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுவாள். கண்ணை மூடினால் ஆண்டவர் வர வேண்டிய இடத்தில் ஹீரோ வருகிறான் என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் பாடாமல் இருந்ததில்லை. திட்டிக்கொண்டே பாடுவாள், அதுவும் குழுவையே அமுக்கிவிடும் குரலில்.

கோயிலில் அந்த வாய் மூடி ஒன்பது மாதம் ஆகிறது. கோயிலுக்குப் புதுக் கீபோர்டு வந்து, அதன்முன் சின்னவள் உட்கார்ந்த அதே மாதம் மூடியது. ஏன் பாடுவதில்லை என்று ஒருமுறை கேட்டே விட்டாள்.

"உங்க டப்பா சத்தத்துல என் பாட்டு எதுக்கு?"

சொல்லிவிட்டு அம்மா நூலைக் கடித்துத் துப்பினாள்.

அதற்குப் பிறகு எத்தனை பேர் பாராட்டினாலும் சின்னவளுக்கு ஒட்டவில்லை. பெற்றவள் வாய் திறக்காத வாசிப்பு ஒரு வாசிப்பா? தான் எழுந்து போனால் அம்மா மறுபடி பாடுவாள் என்று முடிவெடுத்துவிட்டாள்.

குழுப் பெண்கள் அடித்தொண்டையில் உறுமினார்கள். பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். மாஸ்டர் முறைத்தார். போதாக்குறைக்கு, இன்றைய வருகைப் பாட்டு அம்மாவுக்கு அறவே ஆகாத கைதட்டுப் பாட்டு. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

கனத்த குரல். எலக்ட்ரீசியன் அண்ணன் என்றுதான் முதலில் நினைத்தாள். அவரோ பக்கத்தில் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு சும்மா நின்றார்.

சத்தம் மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது.

அம்மா பாடிக்கொண்டிருந்தாள். ஆகாத பாட்டை, ஒரு சொல் விடாமல்.

சின்னவளின் விரல்கள் தன்பாட்டுக்கு ஓடின. கீபோர்டு வந்த மாதத்தில்தான் அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷனும் நடந்தது. பேச்சு வருமோ வராதோ என்று வீடே பயந்து கிடந்தது. கொஞ்சம் கரகரப்போடு வந்துவிட்டது. அத்தோடு எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். பாட்டு வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவும் சொல்லவில்லை. ரேடியோவில் ஜோடிப் பாட்டு வந்தால் இப்போதெல்லாம் ஆண் பாடும் வரிகளை மட்டும் பாடுவாள். பெண் வரி வந்ததும் மிஷினை வேகமாக மிதிப்பாள். குறும்பு என்று நினைத்து அப்பாவும் இவளும் சிரித்திருக்கிறார்கள்.

ஒன்பது மாதமாகத் தன்னையே நினைத்துக்கொண்டிருந்ததற்குச் சின்னவளுக்கு வெட்கமாக இருந்தது.

சரணத்தில் பாட்டு மேலே ஏறியது. அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. பார்த்துப் பார்த்து வெந்துபோன அதே முகம்தான். கோபம் என்று இத்தனை நாள் நினைத்தது கோபமே இல்லை, அம்மா காத்துக்கொண்டிருந்தாள். பாட்டு கீழே இறங்கி வந்ததும் சேர்ந்துகொண்டாள்.

வருகைப் பாட்டு முடிந்தது. சாமியார் பீடத்துக்குப் பின்னால் போய் நிற்பதற்குள் மாஸ்டர் கீபோர்டின் மேல் குனிந்தார்.

"சுதி அதலபாதாளத்துல கெடக்கு. அடுத்த பாட்டுக்கு ஏத்திடு."

சின்னவள் பித்தானில் விரலை வைத்தாள்.

"இல்ல மாஸ்டர். இன்னும் அரைக் கட்டை எறக்கணும்."