வாலிலிருந்து ஒட்டிய மீன்

"தலையிலிருந்தா, வாலிலிருந்தா?"

"என்ன சார்?"

"செதிலையெல்லாம் எந்தப் பக்கமிருந்து ஒட்ட ஆரம்பிச்சீங்கன்னு கேட்டேன்."

மேஜைமேல் முழ நீளத்துக்கு ஒரு நீலக் காகித மீன் படுத்திருந்தது. இந்தப் பக்கம் அவள் நின்றாள். அந்தப் பக்கம் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம். மேனேஜருக்குப் பெயர் 'இஸ்திரி'. சிரித்தால் சட்டை மடிப்பு கலைந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் முழங்கைக்குப் பக்கத்தில், கையெழுத்து இல்லாமல் கிடந்தது.

"தலையிலிருந்துதான் சார்" என்றாள். எதையும் முகத்திலிருந்து தொடங்குவதுதானே முறை?

"ம்."

அந்த 'ம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்னால் அலுவலகத்தை அலங்கரிப்பார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் வீட்டில் தன் கையால் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. சுற்றறிக்கையில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டவரே இஸ்திரிதான்.

அவளும் செய்யத்தான் உட்கார்ந்தாள். மூன்று நாள் வெட்டியதில் நட்சத்திரம் வரவில்லை. கட்டைவிரலில் காயம்தான் வந்தது. நேற்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே கைவிட்டு, எட்டியதைப் பறித்து, காசைக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் அது மீன் என்றே தெரிந்தது.

அங்கேதான் வினை. மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் கோணலும் மாணலுமாக, வீட்டில் செய்ததுபோலவே இருந்தது. இவளுடைய மீன் மட்டும் மின்விசிறிக் காற்றில் நீந்தியது.

"என்ன பசை?"

"கோந்து சார். ஸ்டேஷனரிக் கடையில விக்குமே, அது."

அவர் மீனை மூக்கருகே கொண்டுபோனார். "மாவு வாசனை வருதே?"

"அது... பாதியில கோந்து தீர்ந்துபோச்சு சார். அவசரத்துக்குக் கொஞ்சம் மாவு காய்ச்சினேன்."

"உள்ளே என்ன வெச்சிருக்கீங்க?"

"கம்பி."

"கம்பியா?" மீனை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். "கம்பி வெச்ச மீன் இவ்வளவு லேசாவா இருக்கும்?"

"மெல்லிசுக் கம்பி சார். ரொம்ப மெல்லிசு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பக்கத்து சீட் அக்கா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இது மூன்றாவது தடவை. அவளுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை தாகம்? 'இவள்தான் போட்டுக்கொடுத்திருப்பாள்' என்று புதுசுக்குத் தோன்றியது. காலையில் மீனைப் பார்த்ததும், "ஏய் புதுசு, இதை நீயாடி செஞ்சே? உனக்குக் கவரே ஒழுங்கா ஒட்டத் தெரியாதே!" என்று எட்டுப் பேர் கேட்கும்படி சிரித்தவள் அவள்தான். வருவதும் அதே பஸ். கடை வாசலில் பார்த்திருப்பாள்.

"யாரு சார் சொன்னாங்க?" நாக்கு முந்திக்கொண்டது.

"எதை?"

"ஒண்ணுமில்ல சார்."

"யாரும் எதுவும் சொல்லலை. எனக்குச் சந்தேகம், நான் கேக்கறேன்." மீனின் முதுகை நகத்தால் மெல்ல வருடினார். "தலையிலிருந்து ஒட்டினா அடுத்த வரிசை முந்தின வரிசையோட நுனியை மூடிடும். சுவர்ல ஒட்டின நோட்டீஸ் மாதிரி ஆயிடும். வாலிலிருந்து ஒட்டிக்கிட்டு வந்தாத்தான் ஒண்ணு மேல ஒண்ணு மீன் செதிலா அடங்கும். செஞ்சவங்களுக்கு அது தெரியாம இருக்காதே?"

அவள் உத்தரவைப் பார்த்தாள். அதில் தன் பெயர் தலைகீழாகத் தெரிந்தது.

"நான் செய்யலை சார்" என்றாள். "பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில வாங்கினேன்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். மன்னிச்சிடுங்க சார். இந்த வேலை போச்சுன்னா வீட்டுல தலைகாட்ட முடியாது. நிரந்தரமாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அதுவும் பொய்யா?"

"அது பொய் இல்ல சார்... கொஞ்சம் முன்கூட்டியே சொன்னது."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவின் திரையை இறக்கினார். அக்காவின் முகம் பாட்டிலோடு மறைந்தது. திட்டப்போகிறார், அதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறார் போல. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்தான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. உத்தரவையும் தொடவில்லை. மீனைத்தான் எடுத்தார், இரண்டு கைகளாலும்.

"ஏழு மாசமா அந்தக் கடையில தொங்கிச்சு. தினமும் பஸ்ஸுக்கு நிக்கறப்போ பார்ப்பேன், ஒருத்தர்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. இது நான் செஞ்ச முதல் மீன்மா, வீட்டுல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. அத்தனை பொருள் இருக்கறப்போ நீங்க ஏன் இதை எடுத்தீங்க? அதை மட்டும் பொய் இல்லாம சொல்லுங்களேன்..."