பெட்டிக்கு வைத்த பேர்

“வயரைப் பிடுங்கினது உன் மாமியார்தான். வேற யாரு?”

பக்கத்து வீட்டுச் சின்ன மாமியார் ஆயிம்கான் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அவள் தாழ்த்திய குரலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

நுர்ஜாத் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு, தலைநகர் பிஷ்கேக்கின் கம்பெனி ஒன்றில் வேலைக்கான நேர்காணல், அதில்தான். இப்போது மணி இரண்டு நாற்பது. ‘தொடர்பு இல்லை’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக அவள் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். அந்த ஊர் மொபைல் சிக்னலோ பேச மட்டும்தான் போதும், முகம் காட்டப் போதாது.

மாமியார் புருலாய் வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

“நாலு வருஷம் கம்ப்யூட்டர் படிச்சாளாம். ஒரு இன்டர்நெட்டை வரவழைக்கத் தெரியலை. இவ வேலைக்குப் போய்க் கிழிக்கப் போறாளா?”

ஆயிம்கான் ‘பார்த்தியா’ என்று கண்ணைக் காட்டினாள். ஓரகத்தி மேல் பழி போடக் கிடைத்த வாய்ப்பு. தன் வீட்டில் துருக்கி சீரியல் பாதியில் நின்றுபோன எரிச்சல் வேறு.

இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைப்புதான். மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போகுமுன் நுர்ஜாத்தின் கணவன் மிர்லான் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் லினக்ஸ் போட்டு, அதற்கு ஒரு பேரும் வைத்து, அதன் வழியாகத் தன் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பிரித்து விட்டிருந்தான்.

நுர்ஜாத் கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“வயர்?”

“சரியா இருக்குங்க.”

“பெட்டியில விளக்கு?”

“எரியுது.”

“அப்போ லேப்டாப்ல பெட்டியோட பேரை அடிச்சுக் கூப்பிட்டுப் பாரு. பதில் வருதா?”

பதில் இல்லை. பெட்டியிடமிருந்தும் இல்லை, நுர்ஜாத்திடமிருந்தும் இல்லை.

“ஏய், இருக்கியா?”

“அந்தப் பேர் இப்ப இல்லைங்க. நேத்து மாத்திட்டேன். இன்னிக்கு அணைச்சுப் போட்டதும் புதுப் பேர் வந்திருக்கும்.”

“மாத்திட்டியா! லேப்டாப்பு, டிவி எல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தானே பெட்டியைத் தேடும்? எதுக்கு மாத்தினே?”

“உங்க அப்பா பேரையில்ல வச்சிருக்கீங்க! லைன் போறப்பல்லாம் நான் அதை அடிக்கணும். ‘நில்லு, கிளம்பு’ன்னு அதுக்குக் கட்டளை வேற போடணும். மாமனாரைப் போய்... அதான் ‘பெரியவர்’னு மாத்தினேன்.”

மாமனார் பேரை மருமகள் வாய் சொல்லாது. கை மட்டும் சொல்லுமா?

“அடக் கடவுளே! புதுப் பேரை எல்லாத்துலயும் ஏத்த ஒரு மணி நேரமாகும். பெட்டியில பழைய பேரையே திரும்ப அடி.”

பெட்டியின் முன்னால் உட்கார்ந்து நுர்ஜாத் தேவையானதைத் திறந்துவிட்டாள். பேர் அடிக்கும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. “என்னால முடியலைங்க.”

“சரி, சித்தியை அடிக்கச் சொல்லு.”

“நானா?” ஆயிம்கான் இரண்டடி பின்வாங்கினாள். “வீட்டுக்காரரோட அண்ணன் பேரை நான் அடிக்கணுமா? நல்லாருக்கே நியாயம்!”

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

“வேண்டாங்க, விட்டுடலாம். எனக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்.” நுர்ஜாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“தள்ளு” என்று புருலாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம். புருஷன் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. அவரை அடக்கம் செய்த அன்று முல்லா பேர் கேட்டபோதுகூட மைத்துனரைத்தான் கைகாட்டினாள்.

மகன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தினாள்.

“என்ன வந்திருக்கு, படிச்சுக் காட்டும்மா. ஒரு எழுத்து தப்பினாலும் வேலை செய்யாது.”

புருலாய் திரையருகே குனிந்தாள்.

“சகின்பெக்.”

ஆயிம்கான் வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா! அவரு ஆத்மா என்ன நினைக்கும்?”

“கோவம்னா எங்கிட்ட காட்டட்டும். அது எனக்கும் அவருக்கும் உள்ளது.”

நுர்ஜாத் என்டரைத் தட்டினாள். மேசை மேல் லேப்டாப் உயிர் பெற்றது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

“அத்தை...”

“அழாதே, மூஞ்சி வீங்கும்” என்று புருலாய் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “முதல்ல பேரைத்தான் கேப்பாங்க. உன் பேரைச் சத்தமாச் சொல்லு.”