விற்காத பிரதி

பல வருடமாக விற்காத அந்த நாவல், கடைக்காரர் சாக்கோடு வருவதைப் பார்த்து நடுங்கியது. பழைய பேப்பர் வாங்குகிறவர் வாசலில் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து சுகந்தி என்ற பெண் உள்ளே வந்து நாவலைக் கையில் எடுத்தாள். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். நாவலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் பையிலிருந்து ஈ-ரீடர் எட்டிப் பார்த்தது. "ரொம்ப ஆசைப்படாதீங்க அண்ணே. என்கிட்ட நீங்க பாதி விலைக்குக் கிடைப்பீங்க."

சுகந்தி பைக்குள் கையை விட்டாள். பர்ஸைத்தான் எடுக்கப்போகிறாள் என்று நாவல் நம்பியது. அவளோ ஈ-ரீடரை எடுத்து, அதே நாவலைத் தேடி வாங்கினாள். கையிலிருந்ததை அலமாரியில் வைத்துவிட்டு, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். கடைக்காரர் நாவலை எடுத்துச் சாக்கில் போட்டார்.

சாக்குக்குள் கிடந்த நாவலுக்கு அவள் சிரிப்பது கேட்டது.

"தம்பி, எந்த இடத்துல சிரிச்சாங்க?"

ஈ-ரீடர் தன் திரையைப் பார்த்துச் சொன்னது. "தாலி கட்டப்போகும்போது மாப்பிள்ளைக்குத் தும்மல் வருதே, அந்த இடத்துல, அண்ணே."

கடைக்காரர் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தார்.

"அடுத்த அத்தியாயத்தை மெதுவாக் காட்டு," என்று நாவல் அவசரமாகச் சொன்னது. "அங்கே அவங்களுக்கு அழுகை வரும்."