கத்தரிக்கோல் சத்தம்

முதலாளியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஒன்று சொல்லப்போய் வேறொன்றாக வந்துவிடும். கோள் மூட்டுகிறாள் என்று ஆகிவிட்டால்?

கடைசியில் ஆபீஸ் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. என் பக்கத்துல உட்கார்றாளே டொக்கு..."

"யாரு டொக்கு?"

"அதாம்மா, கத்தரிக்கோலால சட்டத்தைத் தட்டிக்கிட்டே இருப்பாளே, அவதான். நாங்க வெச்ச பேரு."

கல்யாண உடைகளுக்கு மணி தைக்கும் கூடம் அது. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, சட்டத்துக்கு நாலு பேராகக் குனிந்து உட்கார்ந்து தைப்பார்கள். மணி எண்ணிக்கை தப்பினால் பூ கோணிவிடும் என்பதால் பேச்சுமூச்சு இருக்காது. அந்த அமைதியில்தான் டொக்கு திடீரென்று டொக் டொக் டொக் என்று தட்டுவாள். துணிமேல் குவித்து வைத்த மணியெல்லாம் எகிறிக் குதிக்கும்.

"ஏன்டி தட்டறேன்னு கேட்டா, கை மரத்துப்போச்சுக்காங்கறா. கட்டையைத் தட்டினா கை சரியாயிடுமா? காலையிலகூடப் பரவாயில்ல. பதினோரு மணிக்கு மேல அவ தொல்லை தாங்க முடியலம்மா. நேத்து மணியெல்லாம் தரையில. பொறுக்கறதுக்கே அரை மணி நேரம் ஆச்சு."

"நீ யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீயே சொல்றேன்னா பார்க்க வேண்டியதுதான்."

அன்று மதியமே டொக்குவைக் கீழே இஸ்திரி ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். டொக்கு ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஊசி டப்பாவை ஒப்படைத்துவிட்டு, "வரேன்க்கா. உடம்பைப் பார்த்துக்குங்க" என்றாள்.

போகிற போக்கில் குத்திக் காட்டுகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கூடம் அவள் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. துணிக்குள் ஊசி இறங்கும் சத்தம்கூடக் கேட்டது.

பதினோரு மணி இருக்கும். வழக்கம்போல வயிறு உருள ஆரம்பித்தது. காலையில் சாப்பிட நேரமில்லாமல் வெறும் வயிற்றில் மூன்று டம்ளர் டீ. அப்புறம் மணிக்கணக்காகக் குனிந்தே உட்காருவது. இரண்டு வருஷத் தொந்தரவு. பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் சமாளித்தாயிற்று, இன்றைக்கு மட்டும் என்ன என்று லேசாக இடுப்பை நகர்த்தினாள்.

கூடம் முழுக்கக் கேட்டது.

யாரும் நிமிரவில்லை. அடுத்த சட்டத்தில் ஒருத்தியின் தோள் மட்டும் குலுங்கியது.

எதிரே இருந்த கண்ணாடிக்காரி குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தாள். "தட்டறதுக்கு இருந்த ஒரு ஆளையும் அனுப்பியாச்சு."

"என்ன சொல்ற?"

"ஒண்ணுமில்லக்கா. தைங்க."

"சொல்லுடி."

"உங்க வயித்துல கடமுடன்னு ஆரம்பிச்சா அவ கத்தரிக்கோலை எடுப்பா. நீங்க நெளிஞ்சா தட்டுவா. இந்தச் சட்டத்துல இருக்கற எங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குக் கேக்காது. அவ்வளவுதான்."

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. அதற்கப்புறம் தைத்த பூவை மூன்று தடவை பிரிக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி ரூமுக்கு ஓடினாள். டொக்குவுக்கு முகமெல்லாம் வியர்வை. மணிக்கட்டில் சூடு பட்ட சிவப்புக் கோடு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி." இஸ்திரிப் பெட்டிகளின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எப்படிக்கா சொல்றது? முன்னாடி பார்த்த வேலையில எனக்கும் இதே கதைதான். ஒருத்தி சிரிச்சா, அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள்லேர்ந்து நான் போகவே இல்ல. உங்களுக்கும் அப்படி ஆயிடக் கூடாதேன்னுதான்."

"இப்ப உனக்கு எப்படிச் சரியாச்சு?"

"டாக்டர்கிட்ட போனேன். வெறும் வாயு, இதுக்கா இவ்வளவு நாள் மறைச்சேன்னு கேட்டாரு. நேரத்துக்குச் சாப்பிடு, டீயைக் குறை, மணிக்கொரு தடவை எழுந்து நடன்னாரு. வெக்கப்பட்டே ஒரு வருஷம் போச்சு. நீங்களும் போய்க் காட்டுங்கக்கா."

"உன்னை இன்னிக்கே மேல கூப்பிட வைக்கறேன்."

இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. 'தப்பு என்னோடதும்மா. அவ என் மானத்தைத்தான் காப்பாத்தினா.' படியேறும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது.

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்ன, இன்னிக்கு யாரு?"

"இல்லம்மா... டொக்குவுக்கு அந்தச் சூடு ஆகல. கையைச் சுட்டுக்கிட்டா. அவளை மேல கூப்பிட்டுக்குங்க. பதிலுக்கு நான் கீழ போறேன்."

"அவமேல புகார் சொன்னதே நீதானே?"

"சொன்னேன்தான். மனசு கேக்கலம்மா."

முதலாளியம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். எல்லார் முன்னாலும், "மனுஷின்னா இப்படி இருக்கணும்" என்றார்.

அவள் தலை குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தார்கள், கண்ணாடிக்காரியைத் தவிர.

மறுநாளிலிருந்து அவள் கீழேதான் நிற்கிறாள். அங்கே ஆறு இஸ்திரிப் பெட்டிகளும் நாள் முழுக்கப் புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். வேறு எந்தச் சத்தமும் யார் காதிலும் விழாது.