தாய்மாமன் செய்த தொட்டில்

“இந்தத் தொட்டில்ல புள்ளையப் போட வாணாம் மச்சான். இரும்பு ஆகாதுன்னு ஜோசியரு சொல்லிகீறாரு.”

உத்தமன் இப்படிச் சொன்னதும் மண்ணூர்பேட்டையில் அந்த ஒற்றை அறை வீட்டில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சொன்னது யார்? குழந்தையின் அப்பன், கறுப்புச் சட்டைக்காரன். ராகு காலத்தில்தான் தாலி கட்டுவேன் என்று அடம்பிடித்துக் கட்டியவன். அடுப்புப் பற்றவைக்கக்கூடப் பஞ்சாங்கம் வாங்காதவன்.

கஜபதிக்கு முகம் சுண்டிவிட்டது. தாய் தகப்பன் இல்லாத தங்கை நாகவல்லிக்கு அவன்தான் எல்லாம். அவளுக்கு இது தலைப்பிள்ளை. இன்று பதினாறாம் நாள், தொட்டில் போடும் விசேஷம். தொட்டில் தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது முறை.

குழந்தையை எதில் தூங்க வைப்பது என்று பத்து நாளாகவே வீட்டில் பேச்சு. தூளி கட்டலாம் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேலே ஓடுகிற பைப்பு ஒரு குடத்தைக்கூடத் தாங்காது. பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றால் நாகவல்லி தூக்கத்தில் உருளுகிறவள். தரையில் பாய் விரித்தால் எறும்பு. யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், நான் செய்கிறேன் என்று கஜபதி மார்தட்டினான்.

தட்டலாம். தொழிற்பேட்டைப் பக்கம் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஜன்னல் கிராதி செய்வதில் அம்பத்தூர் வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவன் கிராதி மாட்டிய வீட்டில் திருடன் நுழைந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அதே கையால் தொட்டிலையும் செய்தான். பழுதில்லாத கம்பியாகப் பொறுக்கி, பற்றவைத்த இடம் தெரியாமல் ராவி, ஆகாய நீலத்தில் பெயிண்ட் அடித்தான். தானே ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான், முனகக்கூட இல்லை. மேளத்தோடு தெருவில் கொண்டுவந்தபோது அவன் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தொட்டிலைத்தான் உத்தமன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறான்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா கையில் குழந்தையோடு நின்றவள், “மேடையில ஒரு பேச்சு, ஊட்ல ஒரு பேச்சா? நல்லாக்கீதுபா உன் கொள்கை” என்றாள். கூட்டம் சிரித்தது.

உத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தையை வாங்கிப் பாயில் கிடத்தினான். கஜபதி இலையில் உட்காராமலே இறங்கிப் போய்விட்டான்.

நாலு நாளில் விஷயம் டீக்கடை வரைக்கும் போயிற்று. உத்தமனின் கட்சிக்காரர்களே, தோழர் வீட்டில் எந்தக் கிரகம் உச்சத்தில் இருக்கிறது என்று கிண்டல் செய்தார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனானாம்.

வேண்டாதவன் வீட்டில் என் பொருள் எதற்கு என்று ஐந்தாம் நாள் கஜபதி தொட்டிலை எடுத்துவரப் போனான். உத்தமன் வீட்டில் இல்லை. எறும்புக்குப் போட்ட மஞ்சள் பொடிக் கோட்டுக்கு நடுவே பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலைக் காணோம்.

நாகவல்லியைக் கேட்டான். அவள் தயங்கித் தயங்கி, வெள்ளானூரில் ஒரு வெல்டிங் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்றாள்.

கஜபதிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “என் கைவேலைய இன்னொரு வெல்டர் கையில குடுத்துட்டானா? மனுசனா அவன்?”

“கத்தாதண்ணே, புள்ள முழிச்சிக்கும்” என்றாள் நாகவல்லி. “உங்கிட்ட சொல்லாதன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நீ ஜன்னலுக்கு வெக்கிற மாதிரி நாலு இஞ்சுக்கு ஒரு கம்பி வெச்சிகீற. புள்ள காலு அதுல பூந்தா ஒடம்பு மொத்தமும் வெளிய போயிடும். தல மட்டும் மாட்டிக்கும்.”

கஜபதி குழந்தையைப் பார்த்தான். தன்னையறியாமல் நாலு அங்குலத்தை விரலால் காற்றில் அளந்தான். பழகின கை பழகின அளவையே வைத்திருக்கிறது. திருடன் நுழைய முடியாத சந்து மூன்று கிலோப் பிள்ளைக்கு வாசற்படி. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

“இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“கிட்ட போய்ப் பாத்தப்பதான் அவருக்கே தெரிஞ்சிது. அதுக்குள்ள தாயம்மா புள்ளையத் தூக்கிகினு வந்துட்டாங்க. நாலு பேர் எதிர்ல உண்மைய சொன்னா, கஜபதி செஞ்ச தொட்டில்ல புள்ள கழுத்து மாட்டப் பாத்துதுன்னு ஊரு பேசும், அப்பறம் மச்சான் பட்டறைக்கு யாரு வருவா, என்னைய ஜோசியக்காரன்னு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும்னாரு. இங்க குடுத்தா உன் பேரு வெளிய வந்துடும்னு, அவ்ளோ தூரம் சைக்கிள்ல கட்டிகினு போயிகீறாரு. நடுவுல நடுவுல ஒரு கம்பி வெச்சாப் போதுமாம்.”

கஜபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தான்.

தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக நின்றன. தாயம்மா அவனைப் பார்த்ததும், “இன்னாபா கஜபதி, ஜோசியக்கார மாப்ள இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கஜபதி நெஞ்சை நிமிர்த்தி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“தொட்டில்ல கம்பிய தப்பா வெச்சவன் நானு. அது ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு தன் பேர கெடுத்துகினவரு என் மாப்ள.”